மின்மடலும் பனங்கட்டியும்

மின்னஞ்சல் விளம்பரச் சேவைகள் தம் மடல்களின் அழகை விரித்துரைக்கும். கட்டணம் கணக்கிடும் முறையையோ நாம்தான் தேடிப் படித்தல் வேண்டும். பனங்கட்டியும் ஒடியல் மாவும் கடல்கடந்தோர்க்கு விற்கும் நம் பழைய மாணவர் ஒருவர், அதற்கு என்னைத் துணையழைத்தார். இலக்கண ஆசிரியனுக்கு உரைகாணும் பழக்கம் உண்டல்லவா! அவருடைய சிறு முதலிலே ஐந்து பெண்களின் கூலியும் அடக்கம்.

அமெரிக்க நிறுவனமான மெயில்சிம்ப், ஏட்டிலுள்ள பெயர்களை எண்ணிக் கட்டணம் கொள்ளும். மடல் வேண்டாவென விலகினோரையும், நாம் ஒதுக்கிவைக்கும்வரை, அவ்வெண்ணிற் சேர்க்கும். 2023 வரை சென்டின்புளூ எனப் பெயர்பூண்டிருந்த பிரான்சின் பிரெவோ, அனுப்பும் மடல்களையே பெரிதும் எண்ணும். நம்மவரோ தைப்பொங்கலுக்கும் சித்திரைக்குமே மடல் விடுப்பவர். மௌனமான மாதங்களுக்கும் பணம் இறுப்பானேன்? பிரெவோவையே கொண்டோம்.

தம் ஜிமெயில் முகவரியை அனுப்புநராக வைக்கும் எண்ணத்தையும் அவர் கைவிட்டார். 2024 பெப்ரவரி முதல் கூகுள் விதிகளை இறுக்கியமையால், அத்தகைய மடல் குப்பைப் பெட்டியில் விழுதல் கூடும். கடைக்கெனத் தனி இணையப் பெயர் வாங்கினோம்.

ரொறன்ரோவிலுள்ள தமக்கையார் கோயில் திருவிழாவிலே திரட்டிய முகவரிகளையும் சேர்க்க அவர் விழைந்தார். 2014இல் நடைமுறைக்கு வந்த கனடாச் சட்டம், வணிக மடலுக்குப் பெறுநரின் இசைவை வேண்டுகின்றது. அவை ஏட்டிற் சேரவில்லை.