டி டிரைவில் இருக்கிறது

பாளையங்கோட்டையில் ஒரு மாடிக்கடை. கீழே செருப்புக்கடை, மேலே கம்ப்யூட்டர் சர்வீஸ். 2023 டிசம்பர் கடைசி வாரத்தில் அந்தப் படியேறியவர்களில் முக்கால்வாசிப் பேர் எதையாவது நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். சி.பி.யூ., பிரிண்டர், பில் போடும் மெஷின், சி.சி.டி.வி. பெட்டி. எல்லாவற்றிலும் ஒரே நிறத்தில் சேறு. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருஷம் முழுக்க வழக்கமாகக் கிடைப்பதைவிட அதிகம். தண்ணீர் வடிந்து, ரோடு திறந்து, பஸ் ஓட ஆரம்பித்ததும் முதலில் கிளம்பியவர்கள் வியாபாரிகள்.

லேப்டாப்புக்குக் கீபோர்டு மாற்றக் கொடுத்துவிட்டு ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலைமையிலும் யாரும் இல்லை.

தூத்துக்குடியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உப்பு வியாபாரம். ஒருவர் முப்பது வயதுக்காரர், கையில் இரண்டு போன். மற்றவர் எழுபதை நெருங்கிய கணக்கப்பிள்ளை. வெள்ளை வேட்டியின் கரை வரை செம்மண் ஏறியிருந்தது. சி.பி.யூ.வைத் தூக்கி வந்தது பெரியவர்தான். கொடுங்கள் என்று சின்னவர் கேட்டதாகவும் தெரியவில்லை, கேட்டிருந்தால் அவர் கொடுத்திருப்பார் என்றும் தோன்றவில்லை. கவுண்டரில் இறக்கி வைத்துவிட்டு, வேட்டி நுனியால் அதன் தலையை ஒரு தடவை துடைத்தார்.

கடைக்காரர் பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். உள்ளே இருந்து நாலைந்து அரிசி கவுண்டரில் விழுந்தது.

“அரிசி மூட்டைக்குள்ள வச்சியளோ?”

“ரெண்டு நாள்,” என்றார் சின்ன முதலாளி. “யூடியூப்ல போட்டிருந்தான்.”

கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் இடுக்கியை எடுத்து, கேபிள் மாட்டும் இடத்துக்குள் சிக்கியிருந்த இன்னொரு அரிசியைப் பிடுங்கிப் போட்டார். போன்களுக்காகக் கிளம்பிய இந்த அரிசி வைத்தியம் சி.பி.யூ. வரை வந்துவிட்டது. அரிசி சேற்றை எடுக்காது, உப்பையும் எடுக்காது. இது உப்பளங்களைக் கரைத்துக்கொண்டு ஊருக்குள் வந்த தண்ணீர். மதர்போர்டில் பேட்டரி இருந்த இடத்தைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. பவர் சப்ளையின் மின்விசிறி இறக்கையில் ஒரு புல் சுற்றிக் காய்ந்து கிடந்தது.

“ஆன் பண்ணிப் பாத்தியளா?”

அன்று வந்த ஒவ்வொருவரிடமும் அவர் தவறாமல் கேட்ட கேள்வி இதுதான். ஒவ்வொருவரும் பதில் சொல்லும் முன் கொஞ்சம் நிறுத்தினார்கள். சின்ன முதலாளி போனைப் பார்த்தார். பெரியவர் சின்ன முதலாளியைப் பார்த்தார்.

“ஒரே ஒரு தடவை. ஹேர் டிரையர்ல நல்லா காய வச்சிட்டுத்தான்.”

“என்ன ஆச்சு?”

“ஃபேன் சுத்திச்சு. பொறவு ஒரு வாடை வந்துச்சு.”

ஹார்டு டிஸ்க்கைத் தனியே எடுத்தார். மேலே ஒட்டிய லேபிளில், ஒரு மூலையில், பொடி எழுத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு: இந்தத் துளையை மூடாதே. உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாக இருப்பதற்காக விட்ட துளை அது. அதற்குப் பின்னால் தூசியைத் தடுக்க ஒரு வடிகட்டி. தூசியைத் தடுக்குமே தவிர, இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தால் தண்ணீரைத் தடுக்காது. கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு அந்தத் துளையை வெகுநேரம் பார்த்தார். சின்ன முதலாளி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுக்கிற டாக்டரின் முகத்தைப் பார்ப்பார்களே, அப்படி.

பிறகு டிஸ்க்கைத் திருப்பி, நட்சத்திர வாய் வைத்த ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பச்சை போர்டைத் தூக்கினார். பவர் நுழையும் இடத்தில் ஒரு டயோடு கறுத்து வெடித்திருந்தது. போர்டின் மறுபக்கம், டிஸ்க்கின் உடம்போடு தொடும் சின்னச் சின்னப் புள்ளிகள் எல்லாம் கருகிய நிறம். அதை மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்தார். ஒவ்வொரு புள்ளியாகச் செம்பு நிறம் வந்தது. அதைப் பார்த்துச் சின்ன முதலாளிக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

“சரியாயிடும்லா?”

“போர்டு போயிட்டு அண்ணாச்சி. இதே மாடல்ல இன்னொரு டிஸ்க் புடிச்சி, அதோட போர்டுல இந்தச் சின்ன சிப்பு இருக்குல்லா, இத மாத்தி ஒட்டணும். அது பெருசில்ல. உள்ள தண்ணி போயிருக்கான்னு தெரியாம ஓட்டக் கூடாது. அதான் விஷயம்.”

டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றும். படிக்கிற முனை அதன் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது; தலைமுடியின் தடிமன் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. காய்ந்த சேற்றின் ஒரு துகள் போதும், முனை மோதித் தட்டைச் சுரண்டிவிடும். சுரண்டிய இடத்தில் இருந்ததை எந்த லேப்பும் எடுக்க முடியாது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் நனைந்த டிஸ்க்கைக் காய வைக்காதே, ஈரத்தோடு கவரில் போட்டுக் கொண்டு வா என்பார்கள். காய்ந்தால் சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும். நம் கையோ முதலில் ஹேர் டிரையரைத்தான் தேடுகிறது.

சின்ன முதலாளி விடவில்லை. விண்கலம் வெடித்துக் கீழே விழுந்த டிஸ்க்கிலிருந்தே எடுத்திருக்கிறார்களாமே என்றார். உண்மைதான். 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லாவோடு சிதறிய கொலம்பியாவில் இருந்த ஒரு டிஸ்க், கருகி உருகிய நிலையில் டெக்சாஸில் கிடைத்தது. அதிலிருந்து ஏறக்குறைய 99 சதவீதம் எடுத்தார்கள்; அதில் பதிவாகியிருந்த சோதனையின் முடிவு 2008-ல் ஆய்விதழில் கட்டுரையாகவே வந்தது.

“எடுத்தாங்க அண்ணாச்சி,” என்றார் கடைக்காரர். “அத யாரும் ஆன் பண்ணிப் பாக்கலைலா.”

அதற்கடுத்த கேள்வி பேக்கப். இதற்குச் சின்ன முதலாளி தயங்கவே இல்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கடையை அடைக்கும் முன் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் பேக்கப் எடுப்பார்கள், ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

“எதுல?”

“டி டிரைவ்ல.”

கடைக்காரர் கையிலிருந்த டிஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். “சியும் இதான், டியும் இதான்.”

பெரியவருக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். ஒரே வீட்டில் நடுவே தடுப்புச் சுவர் வைத்தது மாதிரியான ஏற்பாடு அது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. திரையில் இரண்டு பெட்டிகள் தெரியும், இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. நம் ஊர் ஆபீஸ்களில் எத்தனை டி டிரைவ்கள் இப்படி நம்பிக்கையோடு நிரப்பப்படுகின்றனவோ. இன்னொரு வழக்கமும் எல்லா இடத்திலும் உண்டு. சி.பி.யூ. மேஜைக்கு அடியில், கால் இடிக்கும் இடத்தில், தரையில் இருக்கும், பக்கத்திலேயே யு.பி.எஸ். காலண்டரும் சாமி படமும் ஆளுயரத்தில். வெள்ளம் வந்தபோது இவர்கள் ஆபீஸிலும் காலண்டர் நனையவில்லை.

அவர்களுக்கு முன்னால் நின்ற இரும்புக்கடைக்காரருக்கும் டிஸ்க் போயிருந்தது. அவர் அவ்வளவு கலங்கவில்லை. விற்ற பில் ஒவ்வொன்றையும் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்றியிருக்கிறார், வாங்கிய பில்லை வாங்கிய இடத்துக்காரர்கள் ஏற்றியிருக்கிறார்கள். இறக்கிக்கொண்டால் பாதிக் கணக்கு வந்துவிடும். அதைக் கேட்டுச் சின்ன முதலாளி திரும்பினார். “நமக்கும் போர்ட்டல்ல இருக்கும்லா கணக்கப்பிள்ளை?”

“உப்புக்கு ஏது மொதலாளி வரி?”

உப்புக்கு வரி இல்லை. வரி இல்லாத சரக்குக்கு இ-வே பில்லும் வேண்டாம். ரிட்டர்ன் போட்டாலும் வரியற்ற விற்பனை இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகைதான். யாருக்கு, எத்தனை டன், எந்த லாரியில் என்பது அதில் வராது. உப்பு வரியை எடுக்கச் சொல்லி 1930-ல் கடற்கரைக்கு நடந்தவர்கள் இப்படி ஒரு பக்கவிளைவை யோசித்திருக்க மாட்டார்கள். பெரியவரே சொன்னார்: “அஞ்சு பைசா வரி போட்டிருந்தாலும் கவருமெண்டுகிட்ட ஒரு காப்பி இருந்திருக்கும்.” சிரிக்கவில்லை.

கம்பெனிகளுக்குச் சட்டம் இருக்கிறது. கணக்கைத் தினமும் நகலெடுத்து இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022-ல் விதியைத் திருத்தினார்கள். இது தகப்பனார் பெயரில் ஓடும் தனி வியாபாரம். அந்த விதி இங்கே எட்டிப் பார்க்காது.

பெரியவர் மஞ்சப்பையைத் திறந்து, கைக்குட்டையில் முடிந்திருந்த ஒரு பென் டிரைவை எடுத்தார். அதுவும் அதே மேஜையின் இழுப்பறையில் மூழ்கியதுதான். கடைக்காரர் மூடியைப் பிரித்து, ஸ்பிரிட் ஊற்றிய கிண்ணத்தில் போட்டுப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, மின்விசிறிக்கு நேரே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார். பென் டிரைவில் ஓடுகிற உறுப்பு கிடையாது, மின்சாரம் பாயாதபோது நனைந்ததால் பெரிய சேதம் வராது. டீ வந்தது. யாருக்கும் அதில் கவனமில்லை. பெரியவருடைய டம்ளரில் ஆடை கட்டியது.

தன் கம்ப்யூட்டரில் செருகாமல் மூலையில் கிடந்த ஒரு பழைய லேப்டாப்பில் செருகினார். விளக்கு எரிந்தது. எஸ்.பி.பி. பாடல்கள், ஏதோ சடங்கு வீட்டு போட்டோக்கள், அவற்றுக்கு நடுவே டி.பி.கே. என்று ஆரம்பிக்கும் ஒரு ஃபைல். தேதி ஏப்ரல். ஆடிட்டருக்குக் கொடுக்க எடுத்தது. மார்ச் 31 வரைக்கும் கணக்கு உயிரோடு இருந்தது.

அதற்குப் பிறகு உள்ள எட்டரை மாதம்?

“சிட்டை இருக்கு,” என்றார் பெரியவர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அன்றைக்கு ஏறிய வண்டி, டன், பார்ட்டி, வந்த பணம், நின்ற பாக்கி. அளத்தில் வேலை செய்பவர்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ்கூட. சின்ன முதலாளிக்கு இது தெரிந்திருக்கும் என்று நான் நினைத்தேன். தெரியாது என்பது அவர் நிமிர்ந்த விதத்தில் தெரிந்தது.

இதைக் கேட்டதும் பழைய நோட்டு புது மெஷினை ஜெயித்தது என்று எழுதிவிடத் தோன்றும். அதற்கும் இடமில்லை. செப்டம்பர் வரைக்குமான நோட்டு அவர் வீட்டில் கீழ்த்தட்டில் இருந்தது. அவர் தெருவிலும் இடுப்பளவு தண்ணீர். பால்பாயிண்ட் மை கலையவில்லை, தாள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது; மருமகள் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடியில் போட்டுக்கொண்டிருக்கிறாளாம். பாதி வரும் என்றார்.

டிஸ்க்கை என்ன செய்வது என்பதற்குக் கடைக்காரர் நேராகவே பதில் சொன்னார். “நான் தொறக்க மாட்டேன். இங்க தூசி. சென்னைக்கு அனுப்புதேன், பாத்துட்டு சொல்லுவாங்க.” அதைச் சேறோடு ஒரு கவரில் போட்டு, மேலே பெயரும், சிவப்பு மையில் ‘பவர் கொடுக்காதே’ என்றும் எழுதினார்.

இனிமேலுக்கு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கச் சொன்னார். மூன்று நகல், இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு இடத்தில் என்று கம்ப்யூட்டர்காரர்கள் 3-2-1 கணக்கு சொல்வார்கள். கடைக்காரர் அதெல்லாம் சொல்லவில்லை. “ராத்திரி அது ஆபீஸ்ல இருக்கக் கூடாது. ஐயா வீட்டுல மாடியில யார் இருக்காவளோ அங்க இருக்கட்டும்.”

இந்த இடத்தில்தான் சின்ன முதலாளி முதன்முறையாக யோசித்தார். டிஸ்க்கின் விலையைக் கேட்டபோதுகூட அவர் யோசிக்கவில்லை. எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி, யாருக்கு என்ன விலை என்பதெல்லாம் கடையை விட்டு வெளியே போவதா? கிளவுடில் போடலாம் என்றதற்கு, “அது யார் வீட்டுல இருக்குன்னே தெரியாதுல்லா,” என்றார். தினமும் ஏழு மணிக்குத் தவறாமல் நகல் எடுத்த மனிதருக்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கணக்கு வெளியே போகக் கூடாது என்பது அப்பா காலத்துச் சட்டம். பெரியவர் எதுவும் பேசவில்லை. இத்தனை வருஷமும் அதே கணக்கு அவர் கையெழுத்தில் அவர் வீட்டில் இருந்ததை அவரும் எடுத்துச் சொல்லவில்லை.

கடைக்காரருக்கு இது புதிதில்லை போலிருக்கிறது. டேலியிலேயே வால்ட் பாஸ்வேர்டு இருக்கிறது, போட்டுவிட்டால் டிஸ்க் யார் கையில் கிடைத்தாலும் திறக்க முடியாது, கம்பெனிப் பெயர்கூடத் தெரியாது என்றார். சின்ன முதலாளியின் முகம் தெளிந்தது.

“மறந்துட்டா?” என்று கேட்டார் பெரியவர்.

“மறந்தா அவ்வளவுதான் ஐயா. யாராலயும் எடுக்க முடியாது.”

“அப்ப அத எங்க எழுதி வைக்க?”

சின்ன முதலாளி கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். “அம்மாட்ட சொல்லி வைக்கேன்.”

“ஆச்சிக்கு மறக்காது,” என்றார் பெரியவர். கடைக்காரர் பில் புத்தகத்தை இழுத்து, கார்பன் தாளைச் சரிபார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.