கேரவனுக்குப் பல் பார்த்த படலம்

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் அது சினிமா சமாச்சாரம். படப்பிடிப்பு நடக்கும் தெருவில் ஏ.சி. உறுமலோடு நிற்கும் பெரிய வண்டி. உள்ளே நட்சத்திரம், வெளியே கூட்டம். இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே கேரவனுக்குப் பெரும்பாலும் எஞ்சினே கிடையாது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் அடங்கிய, சக்கரம் வைத்த குட்டி வீடு அது. காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகவேண்டும். வாங்குபவர்கள் நட்சத்திரங்கள் அல்ல; பள்ளி ஆசிரியர்கள், பிளம்பர்கள், ஓய்வுபெற்ற தபால்காரர்கள். 2023 மார்ச்சில் இந்தப் பட்டியலில் ஈரோட்டுக்காரியான என் அக்காவும் சேர்ந்தார்.

அக்கா ஹல் நகரில் நர்ஸ். வடகடல் பக்கம் ஹம்பர் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது ஹல். ஆழ்கடல் மீன்பிடிப்பில் கொடிகட்டிப் பறந்த ஊர். 1970களில் ஐஸ்லாந்துடன் காட் மீனுக்காக நடந்த தகராறில் பிரிட்டன் தோற்றதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. இன்று ஊரையும் பக்கத்து காட்டிங்ஹாமையும் சுற்றி கேரவன் தொழிற்சாலைகள். பிரபலமான ஸ்விஃப்ட் நிறுவனம் 1964ல் தொடங்கியது இங்கேதான். கிழக்கே போனால் ஹோல்டர்னெஸ் கடற்கரை. களிமண் பாறையைக் கடல் வருடத்துக்குச் சுமார் இரண்டு மீட்டர் தின்றுகொண்டிருக்கிறது. விளிம்பில் நிற்கும் கேரவன்களை அவ்வப்போது பின்னால் நகர்த்துகிறார்கள். வீட்டை நகர்த்த முடியாதே!

அக்காவின் கையில் 9,000 பவுண்டு இருந்தது. பல வருடம் ராத்திரி டியூட்டி பார்த்ததற்குக் கிடைத்த கூடுதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. "இந்தக் காசுல ஒரு ராத்திரியாவது கடல் சத்தம் கேட்டுத் தூங்கணும்" என்பது அவர் கணக்கு. மச்சானின் கணக்கு வேறு. அவர் அந்தியூர்ப் பக்கம் மாடு வளர்த்த குடும்பம். தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்தவர். ஆனால் இங்கிலாந்தில் அவருக்கு வாயே வராது. "மாப்பிள்ளை, இங்கெல்லாம் பேரம் பேசினா கேவலமா நெனைப்பாங்க" என்றார் என்னிடம். விருந்தாளியாகப் போன என்னையும் கூட்டிக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளன் பத்திரம் படிக்கவாவது உதவுவான் என்று நினைத்திருக்கலாம்.

முதலில் போன விற்பனை முற்றத்தின் பெயர் வேண்டாம். நான்கு பேர் படுக்கும் 2012ஆம் வருட கேரவன், 8,495 பவுண்டு. விற்பனையாளர் தங்கமான மனிதர். அக்காவை வாய்க்கு வாய் 'லவ்' என்று அழைத்தார். மச்சானுக்கு முகம் சுருங்கியது. யார்க்‌ஷயரில் பஸ் கண்டக்டர் முதல் காய்கறிக்காரி வரை எல்லோரும் எல்லோரையும் இப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று அக்கா சமாதானம் சொன்னார். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். நம் கொங்கு நாட்டு 'கண்ணு' கச்சிதமாகப் பொருந்தியது. அகராதியில் கிடைக்காது.

உள்ளே போனால் எலுமிச்சை சென்ட் மூக்கைத் துளைத்தது. "எங்க சந்தையில கொம்புக்கு எண்ணெய் தடவுவாங்க" என்று மச்சான் முணுமுணுத்தார். அக்கா கைப்பையைத் திறந்து, கூட வேலை பார்க்கும் நர்ஸிடம் இரவல் வாங்கிய சின்னக் கருவியை எடுத்தார். ஈரம் அளக்கும் மீட்டர். இரண்டு ஊசியைச் சுவரில் வைத்தால் எண் காட்டும். 15 சதவீதம் வரை கவலையில்லை. 20க்கு மேல் போனால் பழுது பார்க்கவேண்டும். 30ஐத் தாண்டினால் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கேரவனுக்கு எமன் விபத்து அல்ல, மழை. மூட்டுகளில் பூசிய பசை காய்ந்து வெடித்தால் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கும். முன் ஜன்னல் மூலையில் மீட்டர் 28 காட்டியது.

"குளிர்காலத்தில் அப்படித்தான் காட்டும், லவ்" என்றார் அவர்.

மச்சான் அதற்குள் வெளியே குனிந்து டயரைத் தடவிக்கொண்டிருந்தார். தேய்மானமே இல்லை, புத்தம்புதிதாக இருந்தது. ஆனால் ஓரத்தில் நான்கு இலக்கம்: 1112. அதாவது 2012ஆம் ஆண்டின் 11வது வாரத்தில் செய்தது. கேரவன் வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கும்; டயர் தேயாது, உள்ளுக்குள் வெடித்துப்போகும். ஐந்து வருடத்தில் மாற்றுங்கள், ஏழுக்கு மேல் ஓட்டவே ஓட்டாதீர்கள் என்பது அங்கே சொல்லும் புத்திமதி. "பல்லைப் பிடிச்சுப் பாத்தாச்சு, கிழடு" என்றார் மச்சான்.

என் முறை வந்தது. கதவருகே ஒரு தகடு. சாமான்களோடு சேர்த்து இந்த வண்டி அதிகபட்சம் 1,480 கிலோ இருக்கலாம் என்றது. மச்சானின் காரோ 1,450 கிலோ. புதிதாக இழுப்பவர்களுக்கு, கேரவன் எடை கார் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பார்கள். சட்டமல்ல, அனுபவம். வால் நாயை ஆட்டுவதுபோல வண்டி காரை ஆட்டிவிடும். 85 சதவீதம் என்றால் 1,232 கிலோ. கேட்டதற்கு, "2021 டிசம்பரிலிருந்து சாதாரண லைசென்ஸிலேயே இழுக்கலாமே" என்றார் விற்பனையாளர். வாஸ்தவம்தான். அதற்கு முன், 1997க்குப் பிறகு லைசென்ஸ் எடுத்தவர்கள் கனமான வண்டி இழுக்கத் தனித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. ஆனால் இழுக்க அனுமதி இருப்பது வேறு, இழுக்க முடிவது வேறு. ரசீதின் அடியில் 'பார்த்தபடியே விற்கப்பட்டது' என்று வேறு அச்சடித்திருந்தார்கள். வியாபாரி இப்படி எழுதிவிட்டுத் தப்ப முடியாது. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழுதான பொருளை 30 நாளில் திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுக்க அலைவதைவிட வாங்காமல் இருப்பது மேல். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். காரில் யாரும் பேசவில்லை. அந்த வண்டியின் நீலத் திரைச்சீலை அக்காவுக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது முற்றத்தில் இருவர் படுக்கும் 2014ஆம் வருட வண்டி. 1,200 கிலோ. ஈரம் எங்கு வைத்தாலும் 12, 13. ஜன்னல் கண்ணாடியில் பொறித்திருந்த 17 இலக்க அடையாள எண்ணை வைத்து, திருட்டு வண்டியா, கடன் பாக்கி உண்டா என்று விசாரித்தோம், சுத்தம். விலை 8,995. மொத்தப் பணமும் போய்விடும்.

இங்கேதான் அக்காவைப் பார்க்கவேண்டும். "குறைக்க முடியுமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். "விலை கறார், லவ்" என்றார் உரிமையாளர். அக்கா பதில் சொல்லவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் நோயாளிகளைப் பார்த்த பொறுமை. மௌனம் தாங்காமல் அவரே ஆரம்பித்தார். புது டயர் இரண்டு போட்டுத் தருகிறேன். அக்கா தலையாட்டினார். பாட்டரியும் மாற்றுகிறேன். மறுபடி மௌனம். சர்வீஸ், எழுத்தில் ஈரச் சான்று, ஒரு வருட உத்தரவாதம். கடைசியில் வெளியே கட்டும் கூடாரமும் வந்தது. விலையில் ஒரு பென்னி குறையவில்லை. ஆனால் தனியாக வாங்கியிருந்தால் குறைந்தது ஐந்நூறு பவுண்டாவது ஆகியிருக்கும் என்பது மச்சானின் கணக்கு. அங்கே விலைப்பலகை கௌரவம்; அதைத் தொடக்கூடாது. அதற்குக் கீழே என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். இதுவும் துண்டுதான், கண்ணுக்குத் தெரியாத துண்டு.

அட்வான்ஸை கிரெடிட் கார்டில் கட்டச் சொன்னேன். 1974ஆம் வருடச் சட்டம் ஒன்றின்படி, அட்வான்ஸ் மட்டும் கார்டில் கட்டினாலும் பொருளுக்கு கார்டு நிறுவனமும் பொறுப்பு. 30,000 பவுண்டு வரை இந்தப் பாதுகாப்பு உண்டு.

பத்து நாள் கழித்து வண்டி எடுக்கப் போனோம். காரில் மாட்டி, விளக்குகளைச் சோதித்து, கையும் குலுக்கியாயிற்று. உரிமையாளர் குனிந்து, இணைப்பில் இருந்து கழற்றிய பெரிய இரும்புப் பூட்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். "இது எங்களுடையது. விற்பனையில் சேராது."

மச்சான் ஒரு கணம் முழித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "எங்கப்பாவும் இப்படித்தான் மாப்பிள்ளை. மாட்டை வித்தாலும் கயித்தை மட்டும் குடுக்கமாட்டார்."

பூட்டு இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர் ஒப்புக்கொள்ளமாட்டார். கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு கடை முன்னால் நிறுத்தி முதலில் அதை வாங்கினோம்.