ஆறாவது சொல்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆசிரியர்கள் கடைசி வரைக்கும் வாசித்தால் சந்தோஷம்.

தவணைப் பரீட்சை முடிந்து புள்ளி போடும் வாரம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாடம் நடக்காது, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. அந்த வாரத்துக்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு போட்டி வைத்தோம். எங்களில் ஒருவர் தமிழ், ஒருவர் கணிதம், ஒருவர் நாடகமும் அரங்கியலும். இரண்டு பேருக்குப் பதுளை டவுன். மற்றவர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான், பாதி டவுன், பாதி தோட்டம்.

கல்வியியற் கல்லூரியில் பாகமேற்று நடித்தலை ஒரு கற்பித்தல் முறையாக எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். மேசையைச் சுற்றியிருந்து விளையாடும் விளையாட்டாகவும் அது உலகத்தில் இருக்கிறது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் எழுதி வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்’ அதில் முதலாவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “கதவைத் திறக்கிறேன்” என்று நீங்கள் சொன்னால், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் சொல்வார். முடியுமா முடியாதா என்று தெரியாத இடத்தில் பகடை உருட்டுவார்கள்.

பகடை என்றதும் ஆசிரியர் அறையில் மௌலவி சேர் நிமிர்ந்து பார்த்தார். பகடையைக் கண்டிக்கும் ஹதீஸ் இருக்கிறது, எங்களுக்கும் அதில் தயக்கம். ஆகவே காலியான பால்மா டின் ஒன்றில் 1 முதல் 20 வரை எழுதிய கடதாசித் துண்டுகளைப் போட்டோம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். மௌலவி சேர் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, “பந்தயம் ஒன்றும் இல்லைதானே?” என்று மட்டும் கேட்டார்.

போட்டி இந்த விளையாட்டை விளையாடுவதற்கல்ல, விளையாடுவதற்கான சாகசத்தை எழுதுவதற்கு. அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஜப்பானில் 1993இல் ‘ஐயன் செஃப்’ என்று ஒரு தொலைக்காட்சிச் சமையல் போட்டி தொடங்கியது. ஒரு பொருளைச் சொல்வார்கள், அதை வைத்துத்தான் எல்லாக் கறியும் சமைக்க வேண்டும். விளையாட்டு எழுதுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2002இல் ‘கேம் செஃப்’ தொடங்கியது. ‘ஐயன் டிஎம்’ என்ற போட்டியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சில பொருள்களைக் கொடுத்து, நேரமும் குறித்துவிடுவார்கள். எல்லாம் கதைக்குள் வர வேண்டும்.

நமக்கு இது புதிதல்ல. செருப்பு என்று தொடங்கி விளக்குமாறு என்று முடித்துப் பாடு என்று காளமேகப் புலவரிடம் கேட்டதாகச் சொல்லும் கதை தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். அவர் பாட்டில் செருப்பு போர்க்களம் புகுவதாக மாறிவிடும். விளக்குமாறு விளக்கிச் சொல்லும்படி கேட்பதாக மாறிவிடும். இரண்டில் எதை எடுத்தாலும் பாட்டு நிற்காது.

எங்கள் அளவுகோலும் அதுதான். கொடுத்த சொல்லைப் பென்சிலால் வெட்டிவிட்டு வாசிக்க வேண்டும். கதை அப்படியே நின்றால் அந்தச் சொல் வெறும் அலங்காரம். கதை சரிந்தால் பத்துப் புள்ளி. ஆறு சொல்லுக்கு அறுபது. மீதி நாற்பது, விளையாடுகிறவருக்குத் தெரிவு இருக்கிறதா என்பதற்கு. முடிவையும் எழுத்தாளரே எழுதிவிட்டால் அது சிறுகதை. சிறுகதைக்குத் தமிழ்மொழித் தினப் போட்டி இருக்கிறது.

கரும்பலகையில் ஆறு சொற்களை எழுதினோம். ரயில் சுரங்கம். உடைந்த குடை. பொய் சொல்லும் தராசு. பேசாத தபால்காரர். சிறுத்தை. மண்சரிவு. கீழே, “ஆறும் கட்டாயம். ஒன்று குறைந்தாலும் போட்டியில் இல்லை” என்று எழுதிக் கோடும் போட்டோம். இரண்டு நாள் அவகாசம். நாற்பத்திரண்டு பிள்ளைகள் எழுதித் தந்தார்கள்.

சுரங்கம் என்றால் அநேகமாக எல்லோருக்கும் தெமோதரைதான். பாதை வளையம் சுற்றி வந்து ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் புகும் இடம் பக்கத்தில் இருக்கும்போது வேறு எங்கே போவார்கள்? சிறுத்தையைப் பாதிப்பேர் வெறும் உறுமலுக்காகக் கொண்டுவந்திருந்தார்கள். வெட்டினால் ஒன்றும் ஆகாது.

எங்களை முதலில் நிறுத்தியது தராசு. நாங்கள் அதை மாயப் பொருளாக நினைத்துத்தான் எழுதினோம். டவுன் பிள்ளைகள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒருவரின் தராசு மனிதர்களின் பாவத்தை நிறுத்தது, ஒருவரின் தராசு பேசியது. தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருவர்கூட அதை மாயம் என்று எடுக்கவில்லை. எல்லோருடைய தராசும் கொழுந்து மடுவத்தில் தொங்கியது. அதில் எப்போதும் இரண்டு மூன்று கிலோ குறைந்தது. எங்களில் லயத்தில் பிறந்தவர் சிரித்தார். மற்ற இருவருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

பிறகுதான் அந்தத் தாள் வந்தது. தரம் 10 மாணவி. சீ.ஆர். கொப்பியில் கிழித்த பதினொரு பக்கம்.

இடம் ஒரு பணிய லயம். பன்னிரண்டு வீடு. விளையாடுகிறவர்கள் அந்த லயத்தின் நான்கு இளம் ஆட்கள். மழை தொடங்கிவிட்டது. கதை நடத்துபவர் ஒவ்வொரு சுற்றிலும் டின்னுக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்து, அந்த எண்ணை மழைமானியில் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 75 வந்தால் கவனம். 100 வந்தால் ஆயத்தம். 150 வந்தால் யாரும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் பெய்யும் மழைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் மில்லிமீற்றர் கணக்கு அது. அவளுக்கு மனப்பாடம்.

மலையில் ஒரு வெடிப்பு. உடைந்த குடையின் கம்பியை அதன் குறுக்கே வைத்திருக்கிறார்கள். கம்பி உள்ளே விழுந்தால் வெடிப்பு அகன்றுவிட்டது. தபால்காரர் அறிவித்தலைக் கொண்டுவருகிறார். அவர் பேசமாட்டார், கடிதம் சிங்களத்தில் இருக்கிறது, லயத்தில் அதை வாசிக்க ஆள் இல்லை. பாடசாலைக்கு ஏறும் குறுக்குப் பாதையில் சிறுத்தை. சுற்றிப் போனால் மழை ஏறும். சுரங்கம் பக்கத்தில் இருக்கிறது, எல்லோரும் அதற்குள் ஒதுங்கத்தான் ஆசைப்படுவார்கள், ஆனால் சுரங்கமும் அதே மலைக்குள்தான். பெண்கள் மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் என்பதால் இறங்கமாட்டார்கள். தராசில் நிற்பவரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தால் அவர் அன்றைக்கு ஒருநாள் அவர்கள் பக்கம் பொய் சொல்வார். பத்து மணிக்கே முழுப் பேர் போடுவார்.

பன்னிரண்டு வீட்டுக்கும் போகாமலிருக்கப் பன்னிரண்டு காரணம். ஒரு வீட்டில் ஆடு ஈனப்போகிறது. ஒரு வீட்டில் நகை அடகு வைத்த துண்டைத் தேடுகிறார்கள். ஒரு தாத்தா முன்பு மூன்று தடவை முகாமுக்குப் போய் மூன்று தடவையும் ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தவர், இனிப் போகமாட்டார்.

கடைசிப் பக்கத்தின் அடியில் இப்படி இருந்தது: “6. மண்சரிவு – இதில் வராது.”

விதிப்படி அவள் போட்டியில் இல்லை.

எங்களுக்குள் சண்டையே வந்தது. கணித ஆசிரியர் சொன்னது நியாயம். கட்டாயம் என்று எழுதிக் கோடு போட்டது நாங்கள். மற்ற நாற்பத்தொரு பேரும் அதை நம்பி எழுதினார்கள். நன்றாக எழுதினாள் என்பதற்காக விதியை வளைத்தால், நாளைக்கு யார் நம்பிப் போட்டிக்கு வருவார்? நாடக ஆசிரியர், அது ஒவ்வொரு வரியிலும் இருக்கிறதே என்றார். கணித ஆசிரியர், இருக்கிறது என்று நீங்கள் உணர்வதற்குப் புள்ளி போட முடியாது என்றார். தேநீர் ஆறிப்போனது.

கடைசியில் எங்கள் அளவுகோலையே அதில் வைத்துப் பார்த்தோம். மண்சரிவை வெட்டு. அப்புறம் மழையை ஏன் எண்ண வேண்டும்? குடைக் கம்பி எதற்கு? கடிதத்தில் என்ன இருக்கும்? பதினொரு பக்கத்தில் மிஞ்சியது ஒரு சிறுத்தையும் ஒரு ஆடும். நாங்கள் எழுதிய விதியையும் திரும்ப வாசித்தோம். “கட்டாயம்” என்று இருந்தது. “நடக்க வேண்டும்” என்று எங்கும் இல்லை. கணித ஆசிரியர்தான் முதலில் பேனையை எடுத்துப் பத்துப் போட்டார்.

ஆனாலும் ஏன் வராது என்று அவளிடம் கேட்டோம். நடுவர்கள் கேட்கக் கூடாத கேள்வியாக இருக்கலாம்.

“வந்துட்டா விளையாட்டு முடிஞ்சிரும்ல சேர்” என்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “அந்தப் பன்னெண்டு வீடும் எங்க லயம்தான் சேர். பேரைக்கூட மாத்தல. அதுல யாரை உள்ள வச்சு எழுதுறது?” என்றாள்.

அவர்களுடைய லயம் ஆபத்தான இடம் என்று கடிதம் கிடைத்த லயம். மாற்றுக் காணி இன்னும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் பாடசாலை மண்டபத்தில் வந்து படுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவளுக்கு வகுப்பெடுக்கிற எங்களுக்கு இது தெரியாது. லயத்தில் பிறந்தவருக்கும் தெரியாது.

தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்கள் புதைந்தபோது நாங்கள் பயிற்சியில் இருந்தோம். அரிசியும் உடுப்பும் சேர்த்துக் கொடுத்தோம். காலையில் பாடசாலைக்குப் போனதால் தப்பி, திரும்பி வர வீடில்லாமல் நின்ற பிள்ளைகளைப் பற்றி அழுதோம். அதே நாங்கள்தான், சாகசத்துக்குச் சூடாக ஒன்று வேண்டும் என்று சிறுத்தைக்குப் பக்கத்தில் மண்சரிவு என்று எழுதினோம். ‘ஐயன் டிஎம்’ போட்டியில் எழுதுகிறவர்கள் கற்பனைக்கு வெளியே தேடிப் போகிற பொருள் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பட்டியல் போடுகிறவரும் போட்டியில் ஒரு ஆள்தான். அந்தப் பட்டியலுக்கு எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட புள்ளி குறைவு.

அவளுக்கு முதலிடம். இரண்டு புள்ளி குறைந்து டவுன் மாணவன் ஒருவன் இரண்டாமிடம். அவனுடையதும் நல்ல சாகசம்தான், மண்சரிவு சுரங்கத்தின் வாயை அடைத்த பிறகு உள்ளே அகப்பட்டவர்கள் என்ன செய்வார்கள் என்பது. இடைவேளையில் வந்து நேராகக் கேட்டான்.

“அவ ஆறாவத எழுதவே இல்லையே சேர்?”

கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. அவள் தாளையும் ஒரு பென்சிலையும் கொடுத்து, மண்சரிவை வெட்டிவிட்டு வாசி என்றோம். பெல் அடிக்கும் வரைக்கும் வாசித்தான். “அப்ப ஒண்டுமே மிஞ்சாதே” என்றான். ஏற்றுக்கொண்டானா என்று தெரியவில்லை. ஆனால் விளையாடலாமா என்று கேட்டான்.

அடுத்த நாள் நாங்கள் மூவரும் அவனும் நான்கு இளம் ஆட்களானோம். அவள் கதை நடத்தினாள். டின்னிலிருந்து 17 வந்தது, 19 வந்தது, 12 வந்தது. கணித ஆசிரியர் சிறுத்தைப் பாதையில் போக வேண்டாம் என்று அடம்பிடித்து ஒரு சுற்றை வீணாக்கினார். தராசுக்காரரைச் சம்மதிக்க வைக்க எங்களுக்கு மூன்று சுற்றுப் போனது. 150 தாண்டும்போது ஒன்பது வீடு மண்டபத்தில். மூன்று வீடு உள்ளே.

யாரும் பேசவில்லை. அவள் டின்னை மூடினாள்.

“மிச்ச மூணு வீட்டுக்கும் நாளைக்குப் போவோம் சேர்.”

விதியில் அப்படி இல்லை என்று இந்தத் தடவை ஒருவரும் சொல்லவில்லை.

இப்படியொரு போட்டி வைக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு மூன்று விஷயம். பட்டியலை வகுப்பில் எழுதுவதற்கு முன்னால், ஒவ்வொரு சொல்லும் எந்தப் பிள்ளையின் வீட்டில் இருக்கிறது என்று விசாரியுங்கள். எழுதின எல்லோருக்கும் ஏன் இந்தப் புள்ளி என்று நாலு வரியாவது எழுதிக் கொடுங்கள். நாங்கள் நாற்பத்திரண்டு பேருக்கும் எழுதினோம், இரண்டு இரவு போனது, வீண் போகவில்லை. பரிசை விட, வென்ற சாகசத்தைக் கட்டாயம் விளையாடிப் பாருங்கள்.

அடுத்த தவணைக்கான பட்டியலைப் பிள்ளைகளே போடுகிறார்கள். அந்த மூன்று வீட்டில் இரண்டை வெளியே எடுத்துவிட்டோம். தாத்தா மட்டும் இன்னும் வரவில்லை. அவருக்கு எத்தனையாம் எண் வர வேண்டும் என்று கணித ஆசிரியர் கேட்டதற்கு, அவருக்கு எண் ஒன்றும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும் என்கிறாள். இடைவேளைகளில் முயற்சி நடக்கிறது.