மாளிகை இல்லாத மேடு

நவம்பர் 4, சனி

விடிய எழும்பிக் குசினி யன்னலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கோபுரம். தோர்ன்டன் ஹீத்தில் எங்கள் தெருவுக்கு வடக்கே, மேட்டின் உச்சியில், 219 மீட்டர் உயரம். 1956இலிருந்து லண்டனுக்குத் தொலைக்காட்சியை ஒளிபரப்புகிறது. வந்த புதிதில் வழி பிசகினால் அதைப் பார்த்துத்தான் திசை பிடிப்பேன். அந்த மேட்டுக்குப் பெயர் கிறிஸ்டல் பேலஸ். பஸ்ஸின் நெற்றியிலும் அந்தப் பெயர்; ரயில் நிலையத்துக்கும் உதைபந்தாட்டக் கழகத்துக்கும் அதே பெயர். முதல்முறை போனபோது, மாளிகை எந்தப் பக்கம் என்று ஒரு மனுசியிடம் கேட்டேன். அவர் கையை நீட்டி ஒரு வெறும் புல்வெளியைக் காட்டினார்.

இன்றைக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு மாளிகை வேண்டாம், டைனோசர்தான் வேண்டும்.

பூங்காவின் கீழ்ப்பக்கக் குளத்தங்கரையில் நிற்கின்றன அவை. 1854இல் திறந்த பூங்காவுக்காக பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி செய்தவை. ரிச்சர்ட் ஓவன் என்ற உடற்கூற்றியலாளர் ஆலோசனை சொன்னார். அழிந்துபோன மிருகங்களை முழு உருவில் செய்து வைத்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. 1853 டிசம்பர் 31 இரவு, இகுவானடானின் அச்சுக்குள்ளேயே மேசை போட்டு விருந்து வைத்திருக்கிறார்கள். ஓவன் தலைமாட்டில் இருந்தாராம்.

இகுவானடானின் மூக்கில் ஒரு கொம்பு. உண்மையில் அது கொம்பு இல்லை, பெருவிரல் எலும்பு. தனியாகக் கிடைத்த கூரான துண்டை எங்கே பொருத்துவதென்று தெரியாமல் மூக்கில் வைத்துவிட்டார்கள். 1878இல் பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் அகப்பட்ட பிறகுதான் விஷயம் வெளித்தது.

பேத்தியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்பம்மா, அப்ப உது பொய்யோ?"

"பொய் இல்லைக் குஞ்சு, பிழை."

அந்த வித்தியாசம் அவளுக்கு விளங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கையில் இருந்த சில எலும்புகளை வைத்து, மிச்சத்தை நேர்மையாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். பிழை தெரிந்த பிறகும் ஒருவரும் அவற்றை உடைக்கவில்லை. 2020இல் மெகலோசாரஸின் முகவாய் விழுந்தபோது அதைப் பழைய வடிவத்திலேயே திரும்பச் செய்து பொருத்தினார்கள். ஹாக்கின்ஸ் பிறகு நியூயார்க் போய் அங்கேயும் இப்படிச் செய்யத் தொடங்கினார். 1871இல் அவருடைய பட்டறையில் புகுந்து எல்லாவற்றையும் உடைத்துப் போட்டார்கள். அதை அறிந்த பிறகு இந்தக் குளத்தங்கரை எனக்கு இன்னும் பெறுமதியாகிவிட்டது.

நவம்பர் 12, ஞாயிறு

தனியாக அன்னர்லி ஹில்லில் உள்ள சின்ன அருங்காட்சியகத்துக்குப் போனேன். பக்கத்தில் ஒரு பெரிய கோபுரத்தின் அடித்தளம் கிடக்கிறது. பூங்காவின் நீரூற்றுகளுக்குத் தண்ணீர் ஏற்றப் பொறியியலாளர் புரூனெல் கட்டிய இரண்டு கோபுரங்களில் தெற்குக் கோபுரம் அது. 1936இல் மாளிகையை எரித்த தீ இந்தக் கோபுரங்களை விட்டுவைத்தது. போர்க் காலத்தில்தான் இடித்தார்கள். ஜெர்மன் விமானங்களுக்கு அடையாளமாகிவிடும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம்.

மாளிகையை வரைந்தவர் ஜோசப் பாக்ஸ்டன். ஒரு தோட்டக்காரர். சாட்ஸ்வர்த்தில் டெவன்ஷயர் பிரபுவின் தோட்டத்தில் ராட்சத அல்லியை வளர்த்து, அதன் இலைமேல் தன் சின்ன மகளை ஏற்றி நிறுத்திப் பார்த்தவர். இலையின் அடியில் நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிப் பாரத்தைத் தாங்குவதைக் கண்டார்; கண்ணாடிக் கூரைக்கு இரும்பை அந்த மாதிரிப் பூட்டினார். 1851 உலகக் கண்காட்சிக்கு ஹைட் பார்க்கில் எழுப்பினார்கள். முடிந்ததும் கழற்றி, இந்த மேட்டுக்குக் கொண்டுவந்து இன்னும் பெரிதாகப் பூட்டினார்கள். தெருவும் வீடும் ரயிலும் அதன் பின்னால் வந்து சேர்ந்தன. காடாகக் கிடந்த நோர்வூட் புறநகராகியது.

1895இலிருந்து 1914 வரை எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிகள் இந்தப் பூங்காவில்தான் நடந்தன. என் மகனுக்கு அது பெரிய விஷயம். எனக்கு அல்லி இலை போதும்.

நவம்பர் 19, ஞாயிறு

மழை. வீட்டில் இருந்து, ஓவியர் பிசாரோ வரைந்த கிறிஸ்டல் பேலஸ் ஓவியத்தை அச்சுப் பிரதியில் பார்த்துக்கொண்டிருந்தேன். 1870இல் பிரான்ஸுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டபோது குடும்பத்தோடு தப்பி வந்து நோர்வூட்டில் தங்கினார். அவர் விட்டுவந்த வீட்டில் பிரஷிய ஆர்மி வந்து இருந்தது. வருஷக்கணக்காக வரைந்த ஓவியங்களில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. வீட்டில் ஆர்மி இருந்தது என்றால் எங்கள் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி ஆட்களுக்கு மேற்கொண்டு ஒன்றும் விளக்கத் தேவையில்லை.

1871 ஜூனில் குரொய்டனில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார். அதற்குள் கிறிஸ்டல் பேலஸையும் வரைந்திருந்தார். உலகமே பார்க்க வந்த மாளிகை படத்தில் இடது பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. நடுவில் தெரு, நடந்து போகிற ஆட்கள், குதிரை வண்டிகள். வலப்புறம் புதுச் செங்கல் வீடுகள். பெரியதை ஓரத்தில் வைத்து, தெருவுக்கு நடு இடத்தைக் கொடுத்திருக்கிறார். இடது பக்கம் இருந்தது இன்று இல்லை. நடுவில் இருந்த தெருவில் நான் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.

நவம்பர் 30, வியாழன்

இரவு ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகப் போனேன். 1936இல் இதே நாள், ஏறத்தாழ இதே நேரம், மாளிகையின் மேலாளர் ஹென்றி பக்லண்ட் நாயோடும் மகளோடும் உலாவப் புறப்பட்டார். மகளின் பெயரும் கிறிஸ்டல்தான். உள்ளே ஒரு சிவந்த வெளிச்சம் தெரிந்தது. போய்ப் பார்த்தால் சின்னத் தீ. ஆனால் பழைய பலகைத் தரை, நல்ல காற்று. 89 தீயணைப்பு வண்டிகளும் 400க்கு மேற்பட்ட வீரர்களும் வந்தும் விடிவதற்குள் முடிந்துவிட்டது. அந்த வெளிச்சம் எட்டுக் கவுண்டிகளுக்குத் தெரிந்ததாம்.

மாளிகையைத் திரும்பக் கட்டித் தருவதாக 2013இல் ஒரு சீன நிறுவனம் வந்தது. 2015இல் அந்தப் பேச்சு முறிந்தது. முறிந்ததில் எனக்குச் சந்தோஷம். புதிதாகக் கட்டினால் அது வேறொன்றாக இருக்கும். இந்த வெளியில் பிள்ளைகள் ஓடுகிறார்கள், ஆட்கள் நாயோடு நடக்கிறார்கள். அவர்களை விலக்கிவிட்டுத்தான் அதை நிறுத்த வேண்டியிருக்கும்.

படிக்கட்டுகள் அகலமாக அப்படியே இருக்கின்றன. இரண்டு பக்கமும் செங்காவி பூசிய ஸ்பிங்க்ஸ்கள். ஏறினேன். கல் ஈரமாக இருந்தது, முழங்கால் நொந்தது. உச்சியில் புல், அதற்கு அப்பால் இருட்டு. திரும்பி நின்றால் கீழே தெற்கு லண்டனின் விளக்குகள். எங்கள் தெரு எதுவென்று தேடினேன், பிடிபடவில்லை. மகன் போனில் அழைத்தான்.

"அம்மா, எங்க நிக்கிறீங்கள்?"

"மாளிகையில" என்றேன்.