பனாரஸில் நின்ற ஹரிக்கேன்

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது அந்தப் பட்டறை. கதவைத் திறந்ததுமே டோப் வாடை மூக்கில் ஏறியது. துணியை இழுத்து விறைப்பாக்குவதற்காகப் பூசும் திரவம் அது. ஹரிக்கேன் போர் விமானத்தின் பின்னுடலுக்கு உலோகத் தகடு கிடையாது. மரச் சட்டங்களின் மேல் லினன் துணிதான். நான் போனபோது இருவர் வால் பகுதிக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தார்கள். மெழுகேற்றிய நூலை நீண்ட ஊசியில் கோத்து ஒருவர் இந்தப் பக்கம் குத்த, மற்றவர் அந்தப் பக்கம் வாங்கித் திருப்பி அனுப்பினார். பேச்சே இல்லை. முடிச்சுக்கு முடிச்சு ஒரே இடைவெளி.

கடினமான வேலை துணிக்கு உள்ளே இருக்கிறது. சிட்னி காம் வடிவமைத்து 1935 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த விமானம் இது. எலும்புக்கூட்டின் குழாய்களை இதில் பற்றவைத்து இணைக்கவில்லை. குழாய் முனைகளைச் சதுரமாக்கி, இருபுறமும் தகடு கொடுத்து, போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். குண்டு பட்டால் அந்தக் குழாயை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். இறக்கையின் நடுப்பகுதியைத் தாங்கும் உத்திரம்தான் பெரும் சோதனை. உருக்குப் பட்டையை உருளைகளுக்கு இடையே விட்டுப் பலகோணக் குழாயாக்கி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிச் செய்தது அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கைவிடப்பட்ட அந்த வித்தையை இந்த வட்டாரத்துக் கைவினைஞர்கள் மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது.

துருப்பிடித்த பாகங்களைச் சுத்தம் செய்யும் மேசையில் ஒரு பெரியவர் இருந்தார். பழைய பெயின்ட்டை அடுக்கடுக்காக, மெதுவாகத்தான் எடுத்தார். “அடியில் பாக எண் இருக்கும், பரிசோதகரின் முத்திரை இருக்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் போனது போனதுதான்” என்றார். கிடைத்த ஒவ்வொன்றையும் படம் எடுத்து, நோட்டில் எழுதிய பிறகே அடுத்த பாகத்தைத் தொடுகிறார். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் பிரிட்டிஷ் விமானப்படை ஸ்குவாட்ரன்களின் அன்றாடப் பதிவேடுகள் இருக்கின்றன. எந்த விமானி, எந்த எண் விமானத்தில், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று அதில் பார்க்கலாம். அந்தக் காகிதமும் இந்த உலோகமும் ஒத்துப்போக வேண்டும்.

என்னை அங்கே இழுத்துவந்தது ஆர் 4118. அதைப் புதுப்பித்ததும் இதே சஃபோக்கில்தான். க்ளாஸ்டர் நிறுவனம் கட்டிய அந்த ஹரிக்கேன், 1940 ஆகஸ்டில் 605-ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்தது. லண்டனுக்குத் தெற்கே குராய்டனிலிருந்து 49 முறை போருக்குக் கிளம்பியது. 1943 இறுதியில் கப்பலேறி இந்தியா வந்து, 1947-இல் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துக்குப் போனது, பொறியியல் மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக. 1982-இல் பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார்களைத் தேடி இந்தியா வந்த பீட்டர் வாச்சர், அது வெட்டவெளியில் நிற்பதைப் பார்த்தார். பல ஆண்டுகள் விடாமல் கேட்டு, 2001-இல் வாங்கிக் கொண்டுபோனார். 2004 டிசம்பர் 23 அன்று அது மறுபடி பறந்தது. 1940-இல் அதை ஓட்டிய பாப் ஃபாஸ்டர் முதுமையில் அதன் அருகே மீண்டும் நின்றார்.

இப்போது அதன் உடலில் இருப்பது 1940-ஆம் ஆண்டின் வண்ணமும் 605-ஆம் ஸ்குவாட்ரனின் எழுத்துகளும். புதுப்பிப்பவர்கள் விமானத்தின் வாழ்விலிருந்து ஒரு காலத்தைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். எல்லாக் காலத்தையும் ஒரே உடலில் பூச முடியாது. போர்க்காலத்தைத் தேர்ந்ததில் எனக்குக் குறையில்லை. ஆனால் அது போரிட்டது சில மாதங்கள். பனாரஸில் நின்றது அரை நூற்றாண்டுக்கு மேல். 14,000-க்கும் அதிகமாகக் கட்டப்பட்ட ஹரிக்கேன்களில் மிகப் பெரும்பாலானவை போரில் அழிந்தன, அல்லது பின்னர் உடைத்து உருக்கப்பட்டன. இது மழையில் நனைந்து துருவேறினாலும், பாடப்பொருளாக ஒரு கல்லூரி வளாகத்தில் இருந்ததால் உருக்கும் உலைக்குப் போகாமல் தப்பியது. பனாரஸ் இல்லையென்றால் பூசுவதற்கு உடலே இருந்திராது.

விமானப்படைப் பதிவேடுகள் இந்தியாவோடு நின்றுவிடுகின்றன. மிச்சம், அங்கே படித்தவர்களின் நினைவில்தான் இருக்க முடியும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அங்கே பொறியியல் படித்தவர்களில் தமிழர்களும் இருந்திருப்பார்கள். இப்போது எண்பதை நெருங்கியிருப்பார்கள், அல்லது தாண்டியிருப்பார்கள். அந்த விமானத்தின் எஞ்சினைத் தொட்டவர்கள், அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள், பழைய ஆல்பத்தைத் தேடி எடுத்து, ஆண்டையும் ஆசிரியரின் பெயரையும் படத்தின் பின்னால் எழுதிவைக்க வேண்டும்.