அளவு தேயாமல் காப்பவர்கள்

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் வழியில், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது அந்த ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை. வெளியே சித்திரை வெயில். உள்ளே 800 டிகிரியில் உலை.

டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனத்தால் மோட்டார் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் மதுரை. உதிரிபாகம் செய்யும் இடத்திலெல்லாம் அளவு பார்க்கும் ஃபிக்ஸ்சரும் வேண்டும். பாகத்தை அதில் உட்காரவைத்து, டயல் கேஜை ஓட்டி, தேறுமா தேறாதா என்று முடிவு செய்வார்கள். நாள் முழுக்கப் பாகங்கள் ஏறி இறங்குவதால், அவற்றைத் தாங்கும் பேடும் பின்னும் உரசி உரசித் தேயும். இந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. துளையைச் சோதிக்கும் கோ கேஜ் தேய்ந்து சிறுத்துவிட்டால், அளவு குறைந்த துளைக்குள்ளும் சுலபமாக நுழைந்துவிடும். கழிக்க வேண்டிய பாகம் தேறிப் போய் வண்டியில் ஏறிவிடும். பேடும் பின்னும் தேயாதபடி கடினமாக்கி, அதைத் தடுக்கத்தான் இந்த உலை.

நான் போனபோது, எண்ணெயில் குளிர்வித்துக் கடினமாக்கும் ஓ.எச்.என்.எஸ். எஃகில் கடைந்த பேடுகளைக் கட்டுக்கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார் மூத்த தொழிலாளி ஒருவர். ஓரத்தை ஒட்டியிருந்த மரைத் துளைகளைச் சூளைக்களிமண்ணால் அடைத்தார். குளிர்விக்கும்போது எண்ணெய் உள்ளே பாய்ந்தால் ஓரத்து மெல்லிய சுவர் முதலில் குளிர்ந்து விரிசல் விடும்.

“தடிமனும் மெலிசும் சேர்ற இடத்துலதான் தம்பி வெடிக்கும்” என்றார்.

“கூடக் கொஞ்ச நேரம் உலையில விட்டா இன்னும் கெட்டியாகாதாண்ணே?”

“ஆகாது. பொரபொரன்னு போயிரும். கை தவறி விழுந்தாலே விண்டுரும்.”

கோவைப்பழச் சிவப்பில் வெளியே வந்த துண்டு, செங்குத்தாக எண்ணெய்க்குள் இறங்கியது. படுக்கைவாக்கில் போட்டால் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து வளைந்துவிடுமாம். புகை அடங்கும்வரை அவர் கை துண்டை அலசிக்கொண்டே இருந்தது. இந்த நிலையில் எஃகுக்குக் கடினம் உண்டு. ஆனால் கண்ணாடிக் குணமும் உண்டு. அதனால் ஆறியதும் மறுபடி 200 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்து டெம்பர் செய்கிறார்கள். கடினம் சற்றுக் குறையும், உறுதி கூடும். பிறகு கடினம் அளக்கும் ராக்வெல் மெஷினில் வைரக் கூம்பு 150 கிலோ பாரத்தில் அழுந்தியது. முள் 60-இல் நின்றது. அதன்மேல் அரத்தை இழுத்துப் பார்த்தேன், கடிக்காமல் வழுக்கியது.

அடி வாங்கும் பின்களுக்கு வேறு வழி. கார்பன் குறைந்த எஃகை 900 டிகிரிக்கு மேல், கரி சார்ந்த சூழலில் வைத்துத் தோலில் மட்டும் கார்பன் ஏற்றுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மேல்தோல் கடினம், உள்ளே நெகிழ்வு. மானாமதுரைச் சாலையில் உள்ள திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிக்கும் கொல்லர்களும் வாய்ப்பக்கத்துக்கு மட்டும் கடினம் ஏற்றி, முதுகை மிதமாக விடுவார்கள். எங்கே இறுக வேண்டும், எங்கே இளக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே இரண்டு இடத்திலும் வித்தை.

உலைக்குப் போன எஃகு சற்றே உப்பும், கோணும். அதற்காக முன்கூட்டியே விட்டுவைத்த பொடி அளவைக் கிரைண்டிங்கில் எடுத்து, மைக்ரான் கணக்கில் முடிக்கிறார்கள். அவசரப்பட்டுக் கல்லை அழுத்தினால் மேற்பரப்பு கருகி, மயிரிழை விரிசல் விழும். உலையில் பட்ட பாடெல்லாம் வீண்.

இத்தனை கவனத்துக்கும் கூலி பெரும்பாலும் கிலோ கணக்கில்தான். போல்ட்டுக்கும் கேஜுக்கும் ஒரே தராசு என்பது நியாயமில்லை. வரைபடம் போடும் பொறியாளர்கள், கூர்மூலையும் ஓரத் துளையும் வரைவதற்கு முன்பு ஒருமுறை இந்த உலைமுன் வந்து நிற்க வேண்டும். எந்த மூலையை உருட்ட வேண்டும், எந்தத் துளையை நகர்த்த வேண்டும் என்று அங்கே நிற்பவர்கள் சொல்வார்கள். அந்த யோசனைக்கும் சேர்த்து விலை கொடுக்க வேண்டும். விரிசல் விட்டு வீணாகும் ஒரு ஃபிக்ஸ்சரின் செலவை நினைத்தால், அது பெரிய தொகையே இல்லை.