புகலிடமும் இல்லமும்

மனிதன் உழவுத் தொழிலை அறிவதற்கு நெடுங்காலம் முன்னரே அவனோடு உறவு பூண்ட விலங்கு நாய். ஆவும் எருதும் அவன் தொழுவத்தை அடைந்தது பின்னர். நாய் அவன் மூட்டிய தீயின் அருகே படுத்துறங்கியது முன்னர். வேட்டையில் துணையாகவும், மந்தைக்குக் காவலாகவும் நின்று அது ஆற்றிய தொண்டு பெரிது. ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் எனப் பல பெயரிட்டு அதனை அழைத்தனர் தமிழர். அழைத்ததோடு அமையாது, கல் நட்டும் போற்றினர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. எருமை மந்தையைக் காக்கும் பொருட்டு உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் உருவத்தின் அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அதன் செயலைக் கல்லெழுத்து இன்றும் கூறுகின்றது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் அழியாது நிற்பது வியப்பன்றோ!

அத்தகைய உயிரின் இற்றை நாள் நிலையோ இரங்கத்தக்கது. குட்டியின் மென்மையும் குறும்பும் கண்டு மகிழ்ந்து, விலை கொடுத்து வாங்குவோர் பலர். சில திங்கள் கழிந்ததும் அது வளர்ந்துவிடுகின்றது, மிகுதியாக உண்கின்றது, இரவிற் குரைக்கின்றது. வீட்டின் உரிமையாளர் முகம் சுளிக்கின்றார். அப்பொழுது நேற்றுவரை மடியில் கிடந்த நாய், வண்டியில் ஏற்றப்பட்டு, ஊர்ப்புறத்துச் சாலையில் இறக்கி விடப்படுகின்றது. தெருவிற் பிறந்த நாய்க்குத் தெருவின் இயல்பு தெரியும். வீட்டில் வளர்ந்த நாய்க்கு உணவு தேடவும் தெரியாது. ஊர்திகளுக்கு ஒதுங்கவும் தெரியாது. தீபாவளி நாளில் வெடியோசைக்கு அஞ்சி ஓடி, மீளும் வழி அறியாது திரியும் நாய்களும் உண்டு. வளர்த்த விலங்கைத் தக்க காரணமின்றித் துன்புறுமாறு கைவிடுதல், 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றமாகும். ஆயினும் சட்டம் அறிந்தோர் சிலர்; அஞ்சுவோர் அவரினும் சிலர்.

இவ்வாறு கைவிடப்பட்ட உயிர்களுக்கு எழுந்தனவே விலங்குப் புகலிடங்கள். இங்கிலாந்து நாட்டில் மேரி டீல்பி என்னும் பெண்மணி, 1860-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ஒரு பகுதியில், வழி தவறிப் பசித்துத் திரிந்த நாய்களுக்கு ஓர் இல்லம் அமைத்தார். மக்கள் பசித்திருக்க நாய்க்கு இல்லமா என்று செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. அவ்வம்மையார் 1865-இல் மறைந்தார். அவர் நட்ட வித்து மறையவில்லை. 1871-இல் பாட்டர்சி என்னும் இடத்திற்குப் பெயர்ந்த அவ்வில்லம் இன்றும் அங்கு நிலைபெற்றுள்ளது.

தமிழகத்திலும் அத்தகைய அருள் நெஞ்சம் படைத்தோர் தோன்றினர். சென்னையில் வாழ்ந்த விமானி சுந்தரமும், அவர்தம் மனைவியாரும் விமானியுமான உஷா சுந்தரமும் 1959-ஆம் ஆண்டில் ஆதரவற்ற விலங்குகளைத் தம் இல்லத்தில் பேணத் தொடங்கினர். அப்பணியே பின்னர் இந்திய புளூ கிராஸ் என்னும் கழகமாக வளர்ந்து, 1964-இல் பதிவு பெற்றது. இன்று வேளச்சேரி நெடுஞ்சாலையில் அதன் புகலிடம் உளது. கால் முறிந்தவை, கண் இழந்தவை, சொறி பிடித்தவை, தாயை இழந்த குட்டிகள் என அங்கு வந்து சேரும் நாய்கள் பல.

புகலிடத்தில் சேர்ந்துவிட்டால் நாயின் துன்பம் நீங்கிற்று என்று பலர் எண்ணுகின்றனர். இது பொருந்தாது. புகலிடம் என்பது சத்திரம் போன்றது. வழிப்போக்கர் இளைப்பாறிச் செல்லுதற்குச் சத்திரம் கட்டினர் முன்னோர். வந்தவர் எவரும் வெளியேறாது தங்கிவிடின், இரவில் வந்து கதவைத் தட்டுவோனுக்கு இடம் யாது? புகலிடத்தின் நிலையும் அதுவே. கூடங்கள் நிறைந்துவிடின், சாலையில் அடிபட்டுக் கிடக்கும் மற்றொரு நாயை ஏற்க இயலாது போகும். நெருக்கம் மிகுந்தால் நோயும் எளிதிற் பரவும். பணியாளர் எத்துணை அன்புடையராயினும், நூற்றுக்கணக்கான நாய்களுள் ஒவ்வொன்றையும் தனித்தனியே தடவிக் கொடுத்தல் அவர்க்கு இயலுமோ? ஆதலின் புகலிடத்திலிருந்து ஒரு நாயை ஏற்று வளர்ப்பவர் காப்பது ஓர் உயிரை அன்று, இரண்டு உயிர்களை. தம்மோடு வரும் நாய் ஒன்று. அது விட்டுச் சென்ற இடத்தில் அடைக்கலம் பெறும் நாய் மற்றொன்று.

ஏற்போர் சிலவற்றைத் தெளிதல் வேண்டும். நாய் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும் உயிர். எனவே வீட்டார் அனைவரும் உடன்பட்ட பின்னரே அதனை அழைத்து வருதல் நன்று. வெளியூர் செல்லும்போது பேணுவோர் யார், மருத்துவச் செலவுக்கு வழி யாது என்பவற்றை முன்னரே எண்ணுதல் வேண்டும். புகலிடத்தார் இவற்றையெல்லாம் வினவுவது குறை காண்பதற்கு அன்று. நாய் மீண்டும் தெருவுக்கு வாராமைப் பொருட்டே ஆகும். குட்டிகளையே பலரும் விரும்புகின்றனர்; வளர்ந்த நாய்கள் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கின்றன. வளர்ந்த நாயின் குணமோ முன்னரே தெரிந்தது. குட்டியின் குணம் இனிமேல் தெரிய வேண்டுவது. அன்றியும் நாட்டு நாய் இந்நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் இயல்பாகவே பொருந்தியது. புதிய வீட்டிற்கு வந்த நாய் முதற் சில நாள் மூலையில் ஒதுங்கும், உணவை மறுக்கும். பொறுமையுடன் விட்டுப் பிடித்தால், சின்னாளில் அதுவே வாயிலில் நின்று வரவேற்கும்.

நாய் என்றதும் அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்தை எள்ளுதல் தகாது. வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிய பின் அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. மக்களுக்கு வரும் அந்நோயுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களாலேயே வருகின்றது. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் வேண்டும். கடிபட்ட சிறுவர் பெற்றோரிடம் அதனை மறைத்தல் ஆகாது. ஆயினும் நோயை ஒழிக்க நாயை ஒழித்தல் வழியன்று. சென்னையில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றனர். அவற்றின் தொகை குறைந்தபாடில்லை. ஒரு தெரு வெறுமையானால், எச்சில் உணவை நாடி அயல் தெரு நாய்கள் அங்கே வந்தன. கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்று புளூ கிராஸ் கழகத்தார் 1964 முதல் வற்புறுத்தி வந்தனர். 1996-இல் சென்னை மாநகராட்சி அவ்வழியை ஏற்கத் தொடங்கிற்று. நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் தொடர் அறும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஆகவே ஏற்று வளர்க்கும் நாய்க்குக் காலந்தவறாது தடுப்பூசி இடுவதும், கருத்தடை செய்விப்பதும், மாநகராட்சியின் உரிமம் பெறுவதும் வளர்ப்போர் கடன். நாய்க்குச் செய்யும் இந்நன்மை தெருவில் விளையாடும் குழந்தைக்கும் செய்யும் நன்மையாம்.

எல்லார்க்கும் நாய் வளர்க்கும் வசதி இராது. இடமின்மை, நோய், முதுமை எனத் தடைகள் பலவாகலாம். வளர்க்க இயலாமை பழியன்று. இயலாதென அறிந்தும் வாங்கிப் பின் கைவிடுதலே பழி. வளர்க்க இயலாதவரும் உதவ இயலும். பழைய போர்வைகளும் செய்தித்தாள்களும் குட்டிகளுக்கு மெத்தை ஆகும். மூட்டை அரிசி ஒரு நாள் உணவாகும். பொருள் இல்லாதவர் விடுமுறை நாளில் சென்று நாய்களைக் குளிப்பாட்டலாம். கயிறு பிடித்து உலாவச் செய்யலாம். மனிதர் கை பழகிய நாயை ஏற்பதற்கு மக்கள் எளிதில் முன்வருவர். தாயற்ற குட்டிகளைச் சில கிழமை வீட்டில் வைத்துப் பேணி, வளர்ந்தபின் புகலிடத்தாரிடம் ஒப்படைப்போரும் உண்டு. மாணாக்கரும் பெற்றோர் இசைவு பெற்று இவற்றுள் இயன்றதைச் செய்யலாம்.

அருள் என்பது காணும்போது இரங்கி, கண் மறைந்ததும் மறக்கும் உணர்ச்சி அன்று. நாள்தோறும் ஒரு கிண்ணம் நீர் வைப்பதும், மழையிலும் வெயிலிலும் உடன் உலாவுவதும், முதுமையில் கண் மங்கிய நாயை வெறுக்காது பேணுவதுமே அருளின் மெய்யான வடிவம். புகலிடத்தார் கதவைத் திறந்து வைத்துள்ளனர். அக்கதவு உள்ளே வருவதற்கு மட்டும் பயன்படின் புகலிடம் நிறைந்து திணறும். வெளியே செல்வதற்கும் பயன்படின் நாட்டில் இல்லங்கள் நிறைந்து விளங்கும்.